குதிரை விழுந்தது, குண்டு வரவில்லை

சுடுகிற துப்பாக்கியைப் பார்க்க நாலு பேர் வருவார்கள். சுடாத துப்பாக்கியைப் பார்க்க ஊரே வரும். பென்சில்வேனியாவுக்குக் குடிவந்த பிறகு கற்ற பாடம் இது.

இந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு மான் வேட்டைப் பருவம் தொடங்கும். 1974-இல் ஏற்படுத்தியது. சக்கிமுக்கிக் கல் பொருத்தி, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழங்காலத் துப்பாக்கிக்கு மட்டுமே அதில் இடம். பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், வருஷம் முழுக்க அந்தப் பருவத்துக்காகவே காத்திருப்பவர். ஒரு சனிக்கிழமை பயிற்சித் திடலுக்கு என்னையும் கூட்டிப்போனார். பையைத் தூக்குவதும் அவ்வப்போது வியப்பதும் என் பொறுப்பு.

விசையை அழுத்தினார். குதிரை விழுந்தது, கல் இரும்பில் உரசிப் பொறி பறந்தது, கிண்ணத்து மருந்து 'புஸ்' என்று எரிந்து அவர் புருவத்துக்குப் புகை போட்டது. அவ்வளவுதான்.

பெரியவர் ஆடாமல் அசையாமல் நின்றார். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் மருந்து தாமதமாக வெடித்துத் தொலைக்கலாம். எனவே ஒரு நிமிஷமாவது குழலை இலக்கின் பக்கமே பிடித்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷம் போதாதா? கல்யாண வீட்டில் வயிறு சரியில்லை என்று வாய்தவறிச் சொன்னவனைப்போல, வைத்தியர்களிடம் மாட்டிக்கொண்டார்.

தாடிக்காரர் ஒருவர் "கல் மழுங்கிப்போச்சு" என்று பித்தளைச் சுத்தியால் அதன் விளிம்பைத் தட்டிச் செதில் எடுத்தார். பொறிக்குக் குறைச்சலே இல்லை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. இன்னொருவர் எண்ணெய்ப் பசைதான் காரணம் என்று ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தார். மூன்றாமவர், கிண்ணத்திலிருந்து குழலுக்குத் தீ போகும் துளையில் ஊசியை விட்டுக் குடைந்தார். கிண்ணத்தில் மருந்து கூடிப்போனால் துளை மூடி, தீ பாயாமல் ஊர்ந்துதான் போகும் என்று நாலாமவர் வகுப்பெடுத்தார். ஐந்தாமவர் ஈரம் என்றார். கருமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் அன்றைக்குச் சுள்ளென்று வெயில்.

இந்தச் சண்டித்தனம் புதிதும் அல்ல. கிண்ணத்துத் தீயைக் கண்டதுமே பறவைகள் உஷாராகிவிடுகின்றன என்று நொந்துபோன ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத், தட்டினாலே வெடிக்கும் ரசாயனத்தை வைத்து 1807-இல் காப்புரிமையே வாங்கிவிட்டார். அப்படியும் பழைய கருவியைச் சட்டம் போட்டுக் காப்பாற்றும் மாநிலத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை. மான்களுக்கு இன்னும் கூடுதலாக இருக்கும்.

இத்தனை பேரில் ஒருவரும் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. தலை நரைத்த வேட்டைக்காரரிடம் எப்படிக் கேட்பது?

பக்கத்து மேசையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஓர் அம்மாள்தான், "கெட்டிக்கிற கோலை உள்ளே விட்டுப் பாருங்களேன்" என்றார். மருந்தும் குண்டும் ஒழுங்காக இறங்கியிருந்தால் கோலில் போட்ட கோடு குழல்வாயோடு நிற்கும். விட்டார்கள். கோடு ஒன்றரை அங்குலம் உள்ளே போய் மறைந்தது. குண்டு இருக்கிறது, மருந்து இல்லை.

பெரியவர் அசரவில்லை. "கெட்டிஸ்பர்க்கில் என்ன நடந்தது?" என்றார். அந்த ஊரும் இதே மாநிலம்தான். 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அங்கே நடந்த சண்டை ஓய்ந்ததும் களத்தில் பொறுக்கிய சுமார் 27,500 துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கெட்டித்தபடியே கிடந்தனவாம். ஆயிரக்கணக்கானவற்றில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குண்டுகள்; ஒரு துப்பாக்கியில் மட்டும் 23. "அவங்களுக்குப் பீரங்கிச் சத்தத்தில் தன் துப்பாக்கி வெடிச்சுதா இல்லையான்னே தெரியலை. எனக்கு இந்தத் தம்பி. நான் கெட்டிக்கிற நேரம் பார்த்து இட்லி மாவு புளிக்கிற கதையை ஆரம்பிச்சார்" என்று என்னைக் கைகாட்டினார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு தீத்துளை வழியாகச் சிட்டிகை சிட்டிகையாக மருந்தைத் தட்டித் தட்டி உள்ளே அனுப்பினார்கள். குண்டு அடியோடு உட்கார்ந்திருக்கிறதா என்று கோலால் அழுத்திப் பார்த்தார்கள். கிண்ணத்தை நிரப்பி விசையை இழுத்ததும் 'டுப்' என்றொரு சத்தம். குண்டு சோம்பேறித்தனமாக வெளியே வந்து சற்றுத் தள்ளிப் புல்லில் விழுந்தது. ஒரே கைதட்டல்.

"நான்தான் சொன்னேனே, கல்லுதான்" என்று சுத்தியைப் பைக்குள் போட்டார் தாடிக்காரர். ஊசிக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.