கப்பலேறப் போற மாப்பிள்ளைக்கு

மாப்பிள்ளை, புலாவ் இண்டாவுல கப்பலேறி பூக்கெட், சிங்கப்பூர் போறீங்களாமே! ஆனா இன்சூரன்ஸ் பாரத்துல ‘நோய் ஏதுமில்லை’ன்னு எழுதியிருக்கீங்கன்னு மவ சொன்னா. புற்றுநோய்க்குக் கீமோ யாருக்கு ஓடுது, எனக்கா?

நம்ம சுங்கை பூலோவுலயும் நோயை மறைச்சவன் இருந்திருப்பான். 1930ல தொழுநோய்க் குடியிருப்பு தொறந்த காலத்துல, வெளிய தெரிஞ்சா பொண்டாட்டி புள்ளைய விட்டுப் பிரிச்சு இங்க கொண்டாந்து அடைச்சிருவான் வெள்ளைக்காரன். அவன் மறைச்சா அதுல ஒரு நியாயம். உங்களை யாரு அடைக்கப் போறா? கப்பல்காரன் மெத்தை விரிச்சுல்ல வெச்சிருக்கான்!

2013 நிதிச் சேவைச் சட்டப்படி, கம்பெனி கேக்கிற கேள்விக்கு வேணும்னே பொய் சொன்னா, பாலிசியே செல்லாதுன்னு தூக்கிப் போட்டுருவான். அப்புறம் படியில வழுக்கிக் கால் ஒடிஞ்சாலும் காசு வராது. உண்மையச் சொன்னாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்குச் செலவு தரமாட்டோம்னு பொடி எழுத்துல போட்ட பாலிசி நிறைய. ஏஜெண்டு வாயால தேன் ஒழுகும். நீங்க எழுத்துல வாங்குங்க. புற்றுநோய் சேர்த்தியா? நடுக்கடல்லருந்து தூக்கிட்டு வர்ற செலவு சேர்த்தியா?

கவர்மெண்டு ஆஸ்பத்திரியில அஞ்சு வெள்ளிக்கு ஸ்பெஷலிஸ்டைப் பாத்துப் பழகிட்டீங்க. கப்பல்லயும் டாக்டர், நர்ஸ் உண்டு; பில்லு கேபின் கணக்குல ஏறும். ஆனா அவரு புற்றுநோய் டாக்டர் இல்ல.

கீமோ ஏத்தின 7ஆம் நாள்லருந்து 14ஆம் நாள் வரைக்கும் பொதுவா வெள்ளை அணு இறங்கிக் கிடக்கும். கழிவு விலைன்னு சரியா அந்த வாரத்துக்கே டிக்கெட் எடுத்த மூளைக்கு மாலை போடணும்! காய்ச்சல் 38 டிகிரி தொட்டா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அந்தமான் கடல்ல எங்க ஓடுவீங்க? பஃபேல பச்சை மீனும் அரைவேக்காட்டு முட்டையும் கண்ணடிக்கும், நீங்க சூடா நாசி கோரெங் தின்னுங்க. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. கப்பல்ல பரவுற நோரோ வைரஸுக்குக் கையில தடவுற ஜெல்லு அவ்வளவா பலிக்காது. புற்றுநோய்க்காரங்களுக்குக் காலுல ரத்தம் கட்டிக்கிற அபாயமும் கூட. சாய்வு நாற்காலிய மத்தவங்களுக்கு விட்டுட்டு நடங்க.

வலிக்கு நீங்க போடுற மார்பின் மாத்திரைக்கு சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்துல முன்கூட்டியே அனுமதி வாங்கணும். ‘மாமா குடுத்தாரு’ன்னு அங்க சொல்லி வெச்சிராதீங்க, நான் வயசாளி.

அடுத்த தடவை புத்ராஜெயா ஆஸ்பத்திரிக்குப் போறப்போ, எந்த வாரம் போகலாம்னு டாக்டரைக் கேட்டு, கடுதாசியும் மருந்துப் பட்டியலும் வாங்கிட்டு வாங்க. பாரத்தை இப்பவே திருத்துங்க. இந்தாங்க பேனா.