அணைக்கப்படாதுண்ணு எழுதி ஒட்டு

மக்கா, வீட்டுல சர்வர் வச்சிருக்கியாமே. ஒற்றசேகரமங்கலத்துல, ரப்பர் ஷீட்டு காயப்போடுத வீட்டுல சர்வர்! கொள்ளாம். நம்ம போட்டோ நம்ம வீட்டுல கெடக்கட்டும், எவனுக்கோ மாச வாடகை எதுக்குண்ணு நீ சொன்னது ஞாயந்தான். சொந்தக் கிணறு உள்ளவன் தெருக்குழாயில குடம் வச்சிட்டுக் காத்து நிக்கண்டாம். ஆனா கிணத்துல சேறு வாருதது ஆருலே?

சாயாக்கடையில பெருமை அடிச்சியே, முந்நூறு நாளா அணைக்காம ஓடுதுண்ணு. எனக்கொரு சந்தேகம். கெர்னல் புதுசு போட்டா மெஷினை ஒருக்க அணைச்சுப் போடணும்ணு எனக்க பேரன் சொல்லுதான். அப்போ முந்நூறு நாளா நீ கெர்னல்ல ஒரு ஓட்டையையும் அடைக்கேல்ல, இல்லியா? குளிக்காம கெடக்கதுக்கும் ஒரு பெருமையா?

வெளிய நின்னு வீட்டு மெஷினுக்குள்ள ஏற வழியில்லண்ணு ஒரு மாசம் மொகம் வீங்கி நடந்தே. பழைய கணக்குல ஐபி விலாசமே மொத்தம் 430 கோடிக்குள்ளதான். நம்ம ஆசியா பக்கத்துக்கு உள்ள பங்கு 2011 ஏப்ரல்லயே வடிஞ்சு போச்சு. அதனால நெட்டு கம்பெனிக்காரன் ஒரு விலாசத்துல பல வீட்டை அடைச்சு வச்சிருக்கான். நீ தனியா காசு கெட்டி சொந்த விலாசம் வாங்கினே. வாங்கி என்ன செஞ்சே? 22-ஆம் நம்பர் வாசலை மலக்கத் தொறந்து போட்டே. ராத்திரி பூரா தட்டு. தட்டுதது ஆளில்ல, தட்டுததுக்குண்ணே ஓடுத புரோகிராமு. ரூட்டு, அட்மின், 123456-ண்ணு வரிசையா போட்டுப் பாக்கும். ஒனக்க பாஸ்வேர்டு என்னலே, பேரும் பொறந்த வருசமுமா? இளிக்காதே. அதை எடுத்துக் களஞ்சிட்டு சாவி ஃபைலு வை.

பின்ன அந்த விளம்பரம் தடுக்குத சூத்திரம். வீட்டு நெட்டு முழுக்க அது வழியாத்தான் போவணும்ணு ஏற்பாடு. மெஷின் படுத்த அண்ணைக்கு விளம்பரம் நின்னுது, சத்தியந்தான். ஒனக்க பாட்டிக்க சீரியலும் கூட நின்னுது. ஏழு மணிக்கு அவ ஒன்னை விளிச்ச விளி ரோடு வரைக்கும் கேட்டுது.

பழைய கம்ப்யூட்டரு 60 வாட்டு இழுக்குண்ணு வையி. ராப்பகலா ஓடினா ரெண்டு மாசப் பில்லுல 86 யூனிட்டு. மூணு பேரு போட்டோ பாக்கதுக்கு! 2012-ல வந்த ராஸ்பெரி பை மாதிரி உள்ளங்கை அளவுல ஒண்ணு போதாதா? அது பத்து வாட்டுக்குள்ள அடங்கிக் கெடக்குமே.

இனி இடிக்க கத. துலா மாசம் மத்தியானம் திரும்பினா கெழக்க அகஸ்தியர்கூடத்துக்கு மேல கருக்கும். ரெண்டு மணி முதல் ராத்திரி பத்து வரை சூச்சிச்சு இருங்க, பிளக்கை உருவுங்கண்ணு பேரிடர் ஆணையம் வருசா வருசம் தொண்டை கிழியச் சொல்லுது. மழ வந்தா ரப்பர் வெட்டுகாரன் சிரட்டையைக் கவுத்து வப்பான். எனக்க பேரன் அவனுக்க மெஷினுக்க பிளக்கை உருவேல்ல. "பாட்டா, நெட்டு வாறது கம்பியில்ல, கண்ணாடி நூலு, இடி ஏறாது"ண்ணான். செரிதான், நூலு வழியா ஏறேல்ல. கரண்டுக் கம்பி வழியா ஏறிச்சு. டப்புண்ணு ஒரு சத்தம், பிளாஸ்டிக் கரிஞ்ச மணம். எர்த்துக் குழியைப் போய்ப் பாத்தேன். கரியும் உப்பும் போட்டு நட்ட குழாயில கம்பி துருவெடுத்து அத்துக் கெடக்கு. குழாயில ஆடு கெட்டியிருக்கு.

ரெண்டு டிஸ்கு வச்சிருக்கேன், ஒண்ணு போனா மத்தது உண்டும்ணு நீ சொல்லுவே. ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதானலே? புகப்பெரை தீப்பிடிச்சதை நான் கண்டவன். மேல் வரிசை ஷீட்டு, கீழ் வரிசை ஷீட்டுண்ணு தீ வித்தியாசம் பாக்கேல்ல. நம்மளை விடு. பிரான்சுல ஸ்ட்ராஸ்பூர்க்குல ஓவிஎச் கம்பெனிக்க டேட்டா சென்டரே 2021 மார்ச் 10-ஆம் தேதி நின்னு எரிஞ்சுது. வேற எடத்துல நகலு வைக்காதவன் தலையில கை வச்சான்.

இவ்வளவும் போவட்டும். போன ஞாயிறு நடந்தது என்ன? ஒனக்க அம்மை தேங்கா அரைக்க மிக்சி போடணும். பிளக்கு ஒழிவில்ல. சர்வரை உருவினா, மிக்சியைச் சொருகினா. அவளைக் குத்தம் சொல்லாதே. அது என்ன பெட்டிண்ணு நீ அவளுக்குச் சொன்னியா? 1990-ல சுவிட்சர்லாந்துல, செர்ண் ஆய்வுக்கூடத்துல, டிம் பெர்னர்ஸ்-லீ உலகத்துல முதல் வெப் சர்வரை ஓட்டினாரு. அந்தப் பெட்டியில செவப்பு மையில, இது சர்வர், அணைக்கப்படாதுண்ணு எழுதி ஒட்டியிருந்தாரு. அவ்வளவு படிச்ச மனுசன் ஒரு துண்டு பேப்பரை நம்பினாரு. ஒனக்கு அலங்கார கிராஃபு வேணும், மெஷினுக்க சூடு ஃபோன்ல வரணும், பேப்பரும் பசையும் மட்டும் கொறச்சிலு.

போ, இண்ணைக்கே எழுதி ஒட்டு. ஒரு டிஸ்குல நகலெடுத்து பாறசாலையில அக்கா வீட்டு அலமாரியில கொண்டு வை. எடுத்தாச்சு, நகலு உண்டுண்ணு தலையாட்டுதியா? அப்போ அக்காக்க கல்யாணப் போட்டோ ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, அந்த நகல்லேருந்து எடுத்து இப்போ எனக்குக் காட்டு. சாயா இப்பத்தான் சொல்லியிருக்கு. நான் இஞ்சதான் இருப்பேன்.