இரண்டாம் சரணம் ஓர் இடைச்செருகல்: ரிதம் கேம் பாடல்களின் மூலபாடம் குறித்து

பாப் பாடல்கள் இரண்டு வடிவங்களில் வழங்கிவருகின்றன. ஒன்று மூன்றரை அல்லது நான்கு நிமிடம் ஓடுவது. இசைத்தட்டிலும் வானொலியிலும் கைபேசிச் செயலிகளிலும் கிடைப்பது. மற்றொன்று ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக முடிந்துவிடுவது. அம்புக்குறியை மிதித்தும் பொத்தானைத் தட்டியும் கண்ணாடித் திரையைத் தடவியும் ஆடுகிற ரிதம் கேம்களில் கிடைப்பது. முன்னதுதான் மூலம், பின்னது அதன் வெட்டுண்ட சுருக்கம் என்பது இசையுலகத்தார் கொள்கை. அதை அவர்கள் நிறுவியதில்லை. நிறுவ வேண்டிய ஒன்று என்று அவர்களுக்குத் தோன்றியதும் இல்லை. குறும்பாடமே மூலம், நெடும்பாடம் பிறர் கைபட்டு வீங்கியது, அதிலும் இரண்டாம் சரணம் ஐயத்துக்கு இடமில்லாத இடைச்செருகல் என்று காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த பதிப்பாசிரியர்களின் முறையையே இங்கும் கைக்கொள்கிறோம். பொருள் அற்பமானது என்பதற்காக முறையைத் தளர்த்திக்கொள்வது ஆராய்ச்சிக்கு அழகல்ல.

குறும்பாடம் பிறந்த சூழலை முதலில் பார்க்கலாம். 1996-இல் பிளேஸ்டேஷனுக்காக வெளியான 'பரப்பா தி ராப்பர்' விளையாட்டில் நிலைத்த பாடம் என்று ஒன்று கிடையாது. குரு ஒரு வரி சொல்வார், நாயுருவில் இருக்கும் மாணவன் திருப்பிச் சொல்ல வேண்டும். மிக நன்றாகச் சொன்னால் குரு ஒதுங்கிக்கொள்வார், மாணவன் தன் விருப்பப்படி பாடலாம். இது வாய்மொழிக் காலம். 1997 டிசம்பரில் கோனாமி நிறுவனம் ஐந்து விசையும் ஒரு சுழல்தட்டும் கொண்ட 'பீட்மேனியா'வை ஜப்பானிய ஆர்கேடுகளில் நிறுத்தியது. அடுத்த ஆண்டு நான்கு அம்புக்குறிகளைக் காலால் மிதிக்கும் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' வந்தது. பாடம் எழுத்தில் ஏறி நிலைபெற்றது அப்போதுதான். அதன் அளவை வகுத்தது நாணயம். 100 யென் போட்டால் பெரும்பாலும் மூன்று பாட்டு. பின்னால் அடுத்தவர் நாணயத்தோடு நிற்கிறார். மூன்று பாட்டும் நான்கு நான்கு நிமிடம் ஓடினால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். ஆகவே முன்னிசை, ஒரு சரணம், கோரஸ், சிறிது இடையிசை, முடிவு என்று பாட்டு அமைந்தது.

வணிகத்துக்காக வெட்டியதை மூலம் என்று கொள்ளலாமா என்று இங்கே குறுக்கிடுவார்கள். கொள்ளலாம், ஏனென்றால் வணிகம் தொடாத அளவு எந்தப் பாட்டுக்கும் வாய்த்ததில்லை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும். மேடையில் நிரவலும் சுரமுமாக விரிகிற கீர்த்தனையை நம் வித்துவான்களும் அந்த மூன்று நிமிடத்துக்குள் மடித்துத்தான் பதிவுசெய்தார்கள். பாப் பாடல் மூன்று நிமிடம் என்ற பழக்கம் அரக்குத்தட்டின் விட்டத்திலிருந்து வந்தது. கவிஞரின் உள்ளத்திலிருந்து வந்ததல்ல. இன்றைக்கு ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் ஒரு கேட்பு கணக்கில் ஏறும் என்பதால், பாட்டின் சிறந்த பகுதி அந்த 30 நொடிக்குள் வந்துவிட வேண்டியிருக்கிறது. ஆக, போட்டி இயற்கையான நெடும்பாடத்துக்கும் செயற்கையான குறும்பாடத்துக்கும் இடையில் அல்ல. ஓர் இயந்திரம் வகுத்த அளவுக்கும் இன்னோர் இயந்திரம் வகுத்த அளவுக்கும் இடையிலான போட்டிதான் இது. அவற்றுள் எது மூலம் என்பதை நாம் வேறு சான்றுகளைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டும்.

அகச்சான்றுகளில் வலுவானது இது: ரிதம் கேம் பாடல்களில் ஒரு பெரும்பகுதி விளையாட்டுக்காகவே இயற்றப்பட்டவை. கோனாமியின் இசையமைப்பாளர்கள் அவற்றை முதலில் குறுகிய அளவிலேயே எழுதினார்கள். ரசிகர்கள் தட்டு வாங்குவார்கள் என்று தெரிந்த பிறகு அவற்றுள் பலவற்றுக்கு நீண்ட வடிவம் செய்து சேர்த்தார்கள். இங்கே நெடும்பாடம் காலத்தால் பிந்தியது என்பதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். தட்டின் உறை போதும். இந்தப் புலவர்களின் பெயர் வழக்கும் கவனத்துக்குரியது. நம் இலக்கிய வரலாறு ஔவை என்ற ஒரே பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் என்று எண்ணிக் களைத்தது. இங்கே நிலைமை தலைகீழ். நவோகி மயேடா என்ற ஒருவரே பல பெயர்களில் வருகிறார், அவற்றுள் சில வெறும் எண்கள். முதல் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனில் வந்த 'பாரனோயா' பாடலின் ஆசிரியர் பெயர் '180'. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 180 தாளத்தட்டு. அதன் அடுத்த வடிவத்தின் வேகம் 190, ஆசிரியர் பெயரும் '190'. பின்னாளில் வந்த ஒரு வடிவத்துக்கு இரண்டுமே 290. பாட்டே தன் ஆசிரியருக்குப் பெயரிடுகிறது. செம்புலப்பெயனீரார் என்று ஒரு புலவருக்குப் பெயர் வழங்கும் மொழியில் இதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய தொன்மையான மரபைப் பேணும் பாடத்தைச் சுருக்கம் என்று தள்ளுவது எளிதல்ல.

சட்டச் சான்றும் உண்டு. 2001-இல் தோன்றி, வீட்டில் அம்புக்குறிப் பாய் விரித்து ஆடுவோருக்குப் பெரிதும் உதவிய 'ஸ்டெப்மேனியா' என்ற இலவச மென்பொருள், 150 நொடியைத் தாண்டிய பாட்டை இரண்டு பாட்டாகக் கணக்கிடும். 300 நொடியைத் தாண்டினால் மூன்று பாட்டு. அமைப்புகளை மாற்றாதவரை இதுவே விதி. இதன் பொருளை நின்று கவனிக்க வேண்டும். நான்கு நிமிடம் ஓடும் பாப் பாட்டு இந்த விதியின்படி ஒரு பாட்டே அல்ல. ஒரே உறையில் போட்டுத் தைத்த இரண்டு பாட்டு. தையல் எங்கே விழுகிறது என்று பார்த்தால், முதல் கோரஸ் முடிந்து இரண்டாம் சரணம் ஓடிக்கொண்டிருக்கும் பகுதியை ஒட்டித்தான் பெரும்பாலும் விழும். இந்த எல்லைக் கோட்டை வகுத்த நிரலர்களுக்குப் பாடபேத ஆராய்ச்சியில் ஈடுபாடு இருந்ததாகச் சொல்ல முடியாது. சார்பற்ற சாட்சியம் என்பது அதுதானே.

இனிப் பாடம் கைமாறி வந்த வழி. ரிதம் கேம் ஆடும் சிறுவன் பாட்டைக் கேட்பதில்லை, பிழைத்துக் கிடக்கிறான். திரையின் உச்சியில் உள்ள உயிர்க்கோடு தீர்ந்தால் பாட்டு அங்கேயே நின்றுவிடும். அடுத்த நாணயத்துக்குத் திரும்ப முதலிலிருந்து. ஆகவே கடினமான ஒரு பாட்டின் முதல் 40 நொடி அவனுக்கு மனப்பாடம்; அதற்குப் பிறகு இருப்பது வல்லவர்கள் ஆடும்போது தோளுக்குப் பின்னால் நின்று அறிந்த செவிவழிச் செய்தி. எழுபது பாட்டில் இருபத்திரண்டே முழுமையாகக் கிடைத்த பரிபாடலை வைத்துக்கொண்டு நாம் பெருமைப்படவில்லையா? பீட்மேனியாவில் நிலைமை இன்னும் நுட்பமானது. அதில் ஒவ்வொரு விசையும் பாட்டின் ஓர் ஒலியைத் தாங்கியிருக்கிறது. தட்டத் தவறினால் அந்த ஒலி பாட்டில் எழாது, தவறான இடத்தில் தட்டினால் தவறான இடத்தில் எழும். 2005-இல் வந்த 'கிட்டார் ஹீரோ'விலும் தவறவிட்டால் கிட்டார் ஊமையாகிவிடும். அதாவது ஆடுவோர் ஒவ்வொருவரிடமும் அந்தப் பாட்டுக்குத் தனித்தனிப் பாடபேதம் இருக்கிறது, கறையான் அரித்த துளைகள் உட்பட. அந்தத் துளைகளோடு ஒரு பாட்டை நூறு முறை கேட்டு வளர்ந்தவருக்கு, துளை அடைக்கப்பட்ட பதிப்பு யாரோ செப்பம் செய்த போலிச் சுவடியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

கவனத்தின் அளவும் பாடத்தின் தகுதியைக் கூட்டும். டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனில் மிக உயர்ந்த தீர்ப்பைப் பெற, ஒரு நொடியின் 60-இல் ஒரு பங்குக்குள் காலை வைத்தாக வேண்டும். நெடும்பாடத்தைக் கேட்பவரோ காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறார். இவ்விருவரில் யாருடைய பாடத்தை நம்பலாம்? மேலும், குறும்பாடத்துக்கு உரை உண்டு. ஆடுவோர் 'சார்ட்' என்று சொல்லும் குறிப்பு வரிசை, எந்த ஒலியைத் தொட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று காட்டுகிறது. ஒரே பாட்டுக்குப் பேசிக், டிஃபிகல்ட், எக்ஸ்பர்ட் என்று அடுக்கடுக்காக உரைகள். பேசிக் உரைகாரர் முரசைத் தவிர வேறெதையும் தொடமாட்டார், பொழிப்புரையோடு நிற்பவர். எக்ஸ்பர்ட் உரைகாரர் பாடகி மூச்சு இழுக்கும் இடத்துக்கும் ஓர் அம்பு வைப்பார். சில சமயம் பாட்டிலேயே இல்லாத தாளத்தைப் பாட்டில் கண்டு நம்மைப் படாதபாடு படுத்துவார். பரிமேலழகரை வாசித்தவர்களுக்கு இது பழக்கமான துன்பம். இரண்டாம் சரணத்துக்கு இப்படி ஓர் உரை பெரும்பாலும் எழுதப்படவில்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்க. உரையாசிரியர்கள் விட்டுவிட்ட பாட்டை ஐயுறுவது பதிப்பு நெறி.

மறுப்புகளில் முதலாவது காலம் பற்றியது. கார்ல் டக்ளஸின் 'கங் ஃபூ ஃபைட்டிங்' 1974-இல் வந்தது, அதைச் சேர்த்துக்கொண்ட டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் ஆட்டப்பெட்டி 1998-இல் வந்தது, பிந்தியது எப்படி மூலமாகும் என்பார்கள். முதலில், பெட்டிக்குள் இருந்தது 1974-இன் பதிவு அன்று. பஸ் ஸ்டாப் குழு அவரோடு சேர்ந்து செய்த மறுவடிவம். அடுத்து, ஒரு பாடம் ஒருவரை எந்த வரிசையில் வந்து அடைகிறதோ அதுவே அவருக்குக் காலமுறை. கிட்டார் ஹீரோவின் முதல் பதிப்பில் முதன்மைப் பாடல்கள் வேறு கலைஞர்கள் பாடி வாசித்த நகல்களே. அவற்றோடு வளர்ந்தவர் பின்னால் அசல் பாடகரைக் கேட்டு, நன்றாகத்தான் நகல் எடுத்திருக்கிறார் என்று சொன்னால் அதில் தருக்கப் பிழை ஏதுமில்லை. அசல் பாடகருக்கு மனவருத்தம் இருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. கிட்டார் ஹீரோ, 'ராக் பேண்ட்' போன்ற வீட்டு விளையாட்டுகளில் நாணயமும் இல்லை, வரிசையும் இல்லை. பாடல்கள் பெரும்பாலும் முழுமையாகவே வருகின்றன. 2007-இன் 'கிட்டார் ஹீரோ 3'-இல் டிராகன்ஃபோர்ஸ் குழுவின் 'த்ரூ தி ஃபயர் அண்ட் ஃப்ளேம்ஸ்' ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது, இரண்டாம் சரணமும் அதற்கு அப்பாலும் எல்லாம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் யாருக்கு? எக்ஸ்பர்ட் நிலையில் அந்தப் பாட்டின் முன்னிசையே பெரும் படையைச் சாய்த்தது ஆடியவர்கள் நன்கறிந்த செய்தி. அவர்களைப் பொறுத்தவரை அது சில நொடிப் பாட்டு. ஆர்கேடு வெட்டாமல் விட்டதை விரல் வெட்டிவிட்டது. நெடும்பாடத்தை அப்படியே கொடுத்தபோதும் விளையாட்டு அதைக் குறும்பாடமாக்கியே தீர்ந்தது என்பதால், இந்த எடுத்துக்காட்டு எதிர்த்தரப்புக்கு உதவவில்லை.

மூன்றாவது, கச்சேரி. கொரிய, ஜப்பானிய பாப் குழுக்களின் ரசிகர்கள் கையில் ஒளிக்கோலோடு இரண்டாம் சரணத்தையும் சேர்ந்து பாடுகிறார்களே என்பார்கள். பாடுகிறார்கள். ஆனால் அதை எப்போது கற்றார்கள் என்று பார்க்க வேண்டும். கச்சேரிச் சீட்டும் இசைத்தட்டும் சம்பாதிக்கத் தொடங்கியவர் வாங்குபவை. கைக்காசை எண்ணி ஆடிய வயதில் கிடைத்தது ஒரு சரணம். சம்பளம் வந்த பிறகு சேர்ந்தது மற்றது. முதலாவதைத் தூக்கத்தில் கேட்டாலும் கால் அசையும். இரண்டாவதை யோசித்துத்தான் பாட வேண்டும். கோரஸ் முடிந்ததும் பாட்டு முடியும் என்று எதிர்பார்த்து நிற்கும் உடம்பு, அது மேலும் தொடர்வது கண்டு ஒரு கணம் தடுமாறுவதைக் கச்சேரி அரங்கில் எவரும் சோதித்துப் பார்க்கலாம். கடைசிக் கோரஸுக்கு முன்னால் மெட்டு மாறி வரும் பகுதியை மட்டும் இக்கட்டுரை இடைச்செருகல் என்று தள்ளவில்லை. குறும்பாடத்தில் அதற்கும் இடமில்லைதான். ஆனாலும் அதன் நடை மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது, சில பாட்டுகளில் மூலத்தைவிட நன்றாகவும் இருக்கிறது. தகுதி கருதி அதற்குப் பின்னிணைப்பில் இடம் தரலாம்.

பதிப்புப் பணியைத் தள்ளிப்போட முடியாது என்பதற்குக் காரணம் உண்டு. 2013-இல் ஜப்பானில் தொடங்கிய 'லவ் லைவ்! ஸ்கூல் ஐடல் ஃபெஸ்டிவல்' கைபேசி விளையாட்டு 2023 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. பாடல்கள் எங்கும் போகவில்லை. முழு வடிவத்தில் கடையிலும் செயலியிலும் கிடைக்கின்றன. போனது குறும்பாடம் தன் உரையோடு உறைந்திருந்த இடம். ஆடிப்பெருக்கில் ஏட்டை ஆற்றில் விட்டவர்களாவது அதைப் புண்ணியம் என்று நம்பினார்கள். இப்படியே ஒவ்வொரு விளையாட்டாக மூடிக்கொண்டு போனால், எதிர்கால ஆய்வாளர் கையில் இடைச்செருகல் மலிந்த நெடும்பாடம் ஒன்றே எஞ்சும். அதையே மூலம் என்று அவர் முடிவுகட்டுவார். எனவே செம்பதிப்பு ஒன்று வேண்டும். அதில் ஒன்றரை நிமிடப் பாடம் பெரிய எழுத்தில், உரைகளோடு வரட்டும். இரண்டாம் சரணங்களை, கம்பராமாயணத்தில் மிகைப்பாடல்களுக்குச் செய்ததுபோல், சிறிய எழுத்தில் கடைசியில் தொகுத்துவிடலாம்.

அதுவரைக்கும் ஓர் இடைக்கால ஏற்பாடு. கரவோகே அறைகளில் நெடும்பாடமே ஆட்சி செய்கிறது. முதல் சரணத்தைச் சிங்கம்போல் பாடி முடித்த ரிதம் கேம் ரசிகர், இரண்டாம் சரணம் தொடங்கியதும் திரையில் ஓடும் எழுத்துகளை அந்நிய நாட்டு அறிவிப்புப் பலகைபோலப் பார்க்கிறார். அப்போது அவர் ஒலிவாங்கியைப் பக்கத்தில் இருக்கும் ஆர்கேடு அறியாத நண்பரிடம் கொடுத்துவிட்டு, கடைசிக் கோரஸுக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நண்பர் மறுத்தால் இடையிசை என்று அறிவித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம்.