புயலுக்குப் பெயர் வைத்த நாடு எது?

டிசம்பர் பிறந்தால் நம் நாட்டில் இரண்டு பருவங்கள் சேர்ந்து தொடங்கும். ஒன்று வடகீழ்ப் பருவமழை. மற்றது பொது அறிவுப் போட்டி. வானொலி, வாரப் பத்திரிகை, சனசமூக நிலையம், இளைஞர் கழகம், வங்கிக் கிளை என்று யார் கையில் மைக் கிடைத்தாலும் "இவ்வாண்டின் முக்கிய நிகழ்வுகள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சரியான விடைக்கு ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு கைதட்டல்.

2025, போட்டி நடத்துகிறவர்களுக்குக் கொழுத்த வருடம். பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனதற்குக் காரணம் என்று அமைச்சர் கைகாட்டிய பிராணி எது? குரங்கு. மே மாதம் கரம்போர்டு வழக்கில் 20 வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்ட முன்னாள் அமைச்சர் யார்? மஹிந்தானந்த அளுத்கமகே. ஆகஸ்டில் கைதான முன்னாள் ஜனாதிபதி யார்? ரணில் விக்கிரமசிங்க. கைதான மறுநாள் அவர் இருந்த இடம் எது? தேசிய வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவு. (இந்நாட்டில் பெரிய மனிதருக்குக் கைவிலங்கு காட்டினால்தான் இரத்த அழுத்தம் ஏறும். ஏழைக்கு அது ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது ஏறும்.) செப்டெம்பரில் விஜேராம மாவத்தை அரச மாளிகையை விட்டுப் புறப்பட்டவர் யார்? மஹிந்த ராஜபக்ஷ. நவம்பர் இறுதியில் நாட்டைப் புரட்டிப்போட்ட புயலுக்கு 'டித்வா' என்று பெயர் வைத்த நாடு எது? யேமன்.

கடைசிக் கேள்விக்கு மண்டபமே கையை உயர்த்தும். ஸொகோத்ரா தீவில் உள்ள ஒரு களப்பின் பெயர் அது என்பதுவரை நம் பிள்ளைகள் சொல்வார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்.

புள்ளியைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி என்னுடையது. அந்தப் புயல் வருகிறது, மலை சரியப்போகிறது என்ற எச்சரிக்கை, மாத்தளை மாவட்டத்து ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் படுத்திருந்த தமிழ்க் குடும்பத்துக்கு எந்த மொழியில் வந்தது?

இதற்குக் கை எழும்பாது. ஏனென்றால் இது பொது அறிவில் சேர்த்தியில்லை.

நவம்பர் 27, 28இல் அரச நிறுவனங்களின் அபாய அறிவிப்புகள் சிங்களத்தில் வந்தன, ஆங்கிலத்தில் வந்தன. தமிழில் வரவில்லை, வந்தவையும் பிந்தித்தான் வந்தன என்று புயலோடு புயலாகப் பலரும் கத்தினார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக அறிவிக்கும். சிவப்பு என்றால் உடனே வெளியேறு என்று அர்த்தம். அதே மாவட்டத்தின் கம்மடுவப் பக்கம் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. நிறத்துக்கு மொழி வேண்டாம் என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம். ஆனால் எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குச் சிவப்பு, எங்கே போக வேண்டும், எந்தப் பாதை மூடப்பட்டது என்பதை நிறத்தில் வாசிக்க முடியாதே.

1987இல் கொண்டுவந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதாவது அன்றிலிருந்து தமிழ் இந்நாட்டில் அரச கரும மொழி. மின்சாரப் பட்டியலில் இருக்கிறது. பஸ் பலகையில், எழுத்துப் பிழையோடு, இருக்கிறது. தேர்தல் வந்தால் சுவரொட்டியில் தேனாய் ஒழுகும். உயிர் போகிற நேரத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளர் லீவில் இருப்பார். வாக்கைத் தமிழில் கேட்கத் தெரிந்த ஓர் அரசுக்கு "ஓடு" என்ற ஒரு சொல்லைத் தமிழில் அனுப்பத் தெரியவில்லை என்றால் அதை நிர்வாகக் குறைபாடு என்று எழுத எனக்கு மனமில்லை. அலட்சியம் என்று எழுதுகிறேன். அந்தப் புயலில் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் செத்தார்கள்.

சாவுக்குப் பிறகு வருவது நிவாரணம். முழுதாய் இடிந்த வீட்டைக் கட்ட 50 லட்சம் ரூபா வரை தருவோம் என்றார் ஜனாதிபதி. நல்ல செய்தி. வினாத்தாளில் சேர்க்கலாம். ஆனால் துணைக்கேள்வி ஒன்று உண்டு. லயம் யாருடைய வீடு? அதில் நான்கு தலைமுறையாய்ப் பிறந்து, பெற்று, செத்தவர்களுடையதா? இல்லை. கூரைத் தகரம் தோட்டத்துடையது. சுவர் தோட்டத்துடையது. லயத்தைச் சுற்றியுள்ள மண் அரசாங்கத்துடையது, கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. கூரை ஒழுகினால் மட்டும் அது தொழிலாளியுடையது. காணி உறுதி இல்லாதவன் இடிந்துபோன எதை 'என் வீடு' என்று காட்டுவான்? வெள்ளம் கொண்டுபோன ஆவணங்களின் பிரதியைக் கேட்கிறது கந்தோர். கொண்டுபோவதற்கு ஆவணமே இருந்ததில்லை, ஐயா.

அதே வருடம் ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில் பெரிய விழா. இந்திய உதவி வீடமைப்புத் திட்டத்தில் சுமார் 2,000 பேருக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். அது உறுதியா, உறுதிமொழியா என்று எதிர்க்கட்சிக்காரர்கள் உடனே கேட்டார்கள். தாங்கள் ஆட்சியிலிருந்தபோது கேட்காத கேள்வியை எதிர்வரிசைக்குப் போனதும் எவ்வளவு தெளிவாய்க் கேட்கிறார்கள்! அந்தத் திட்டத்தின் பத்தாயிரம் வீடுகளை நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் அறிவித்தது 2017 மே மாதத்தில். அன்று பிறந்த பிள்ளை 2025இல் மூன்றாம் தரம் படித்தது, லயத்தில் இருந்து.

வீடு என்றதும் மாத்தளைக்காரனுக்கு 2023 ஞாபகம் வராமல் போகாது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 வருடமாகிறது என்று அவ்வருடம் ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி புறப்பட்டது. கோப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டுவந்த காலத்தில் நம் முன்னோர் காடும் காய்ச்சலுமாய் நடந்த அதே வடபாதை. கொலராவிலும் மலேரியாவிலும் வழியில் விழுந்தவர்களைக் கணக்குக்கூட வைக்காத பாதை. பதினாறாம் நாள், ஆகஸ்ட் 12ஆம் திகதி, நடை மாத்தளையில் முடிந்தது. பேச்சு, பாட்டு, கண்ணீர், பிரகடனம். காணியும் வீடும் சம உரிமையும் வேண்டும் என்றார்கள். இந்த ஊருக்கு அன்று ஒரு பெருமை இருந்தது.

பத்து நாள் ஆகவில்லை. அதே மாத்தளை மாவட்டத்தில், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பெனியின் ரத்வத்தைத் தோட்டத்தில், தொழிலாளிக் குடும்பமொன்று ஒதுங்கியிருந்த தற்காலிகக் குடிலை உதவி முகாமையாளரான சின்னத்துரை உடைத்தெறிந்தார். நடைபவனியின் கோரிக்கைக்குக் கிடைத்த எழுத்துமூலமில்லாத பதில் அது. யாரோ கைபேசியில் படம் பிடித்ததால் நாடு பார்த்தது. அமைச்சர் ஜீவன் தொண்டமான் விரைந்து வந்து முகாமையைச் சத்தம் போட்டார், அதுவும் காணொளியாய்ப் பரவியது. படம் பிடிக்க ஆளில்லாத தோட்டங்களில் என்ன நடக்கிறது என்பதற்குக் காணொளி இல்லை. ஆகவே அமைச்சரும் இல்லை.

இதில் மூன்று புள்ளிக் கேள்வி: எல்கடுவ பெருந்தோட்டக் கம்பெனியின் சொந்தக்காரர் யார்? கொழும்புக் கோடீஸ்வரர் என்று எழுதினால் பிழை. அரசாங்கம். வெள்ளைக்காரத் துரை போனான், தனியார் துரை வந்தான் என்று இன்னும் அழுதுகொண்டிருக்கிறோம். அரசாங்கத் துரை இவர்கள் இருவருக்கும் சளைத்தவரில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம் சேர்த்து ஊழியர் சேமலாப நிதியில் போட வேண்டும். அந்தச் சட்டத்தைச் செய்ததும் அரசு, மீறுவோரை வழக்கில் நிறுத்த வேண்டியதும் அரசு. எல்கடுவ உள்ளிட்ட அரசுடைமைத் தோட்ட நிறுவனங்கள் ஒழுங்காகச் செலுத்தாத நிலுவையோ பல வருடக் கதை. கொழுந்து பறித்த கை நடுங்கி ஓய்வுக்கு வந்த பிறகு, தன் சொந்தக் காசைக் கேட்டு ஒரு கிழவி தொழிற் திணைக்களப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். கடன்காரன் யார் என்று அவளிடம் கேளுங்கள். இலச்சினையைக் காட்டுவாள், அந்தச் சிங்கத்தை.

சம்பளக் கேள்வியைப் பல்தேர்வாக வைக்கலாம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் எவ்வளவு: 1,000, 1,350, 1,700, 1,750? நான்கும் சரி. எந்த மேடை, எந்தத் திகதி என்பதைப் பொறுத்தது. ஆயிரத்தைப் பல வருடம் கோஷமாய் வைத்துத் தேர்தல் தேர்தலாய் ஆட்டி, 2021 மார்ச்சில் வர்த்தமானியில் போட்டார்கள். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் ரணில் 1,700 என்றார், கைதட்டல் பறந்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. மே மாதத்து 1,700 செப்டெம்பரில் 1,350 ஆகச் சுருங்கிற்று. 2025 பெப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க மீண்டும் 1,700 என்றார், மீண்டும் கைதட்டல். அதே வருடம் நவம்பரில், அடுத்த வரவு செலவுத் திட்டத்தில், ஜனவரியிலிருந்து 1,750 என்றார். அதில் 1,550 கம்பெனி தரும், 200 ரூபாவை வரவுக் கொடுப்பனவாக அரசு தரும். கம்பெனியின் கூலியில் ஒரு பங்கை நாட்டின் வரிக்காசு கட்டுகிறது. அந்த வரியில் லயத்துக் கடையில் வாங்கிய சீனியும் சவர்க்காரமும் சேர்த்தி. தன் சம்பள உயர்வுக்குத் தானே சந்தா கட்டும் பாக்கியம் வேறு எந்தத் தொழிலாளிக்குக் கிடைக்கும்? கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாள் கூலி மட்டும் தரும் 'அரைப்பேர்' போடுவதுபற்றி எந்த மேடையிலும் பேச்சில்லை.

குரங்குக்கு வருவோம். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடு மூச்சைப் பிடித்து ஐந்து நிமிடம் நின்றது. பயிருக்குத் தொல்லை தரும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணினார்கள். குரங்குகள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் என்று முடிவு வந்தது. ஐந்து நிமிடத்தில், மரத்துக்கு மரம் தாவுகிறதை! நம்மை எண்ணியது எப்படி? 2012 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' 8 லட்சத்து 39 ஆயிரம். 2024 மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்' சுமார் 6 லட்சம், நூற்றுக்கு 2.8. பன்னிரண்டு வருடத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கணக்கில் காணாமற்போனார்கள். செத்தார்களா, போனார்களா, வேறு பெட்டியில் கோடு போட்டார்களா? பலர் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்திருக்கலாம். ஏன் அப்படிப் பதியத் தோன்றியது என்று ஒரு பாராளுமன்ற விவாதம்? குரங்குக்கு நடந்த அளவுக்காவது?

மாத்தளையைப் பற்றிய கேள்வி இரண்டு பாக்கி. இன்றைய ஜனாதிபதி பிறந்த மாவட்டம் எது? வளர்ந்தது தம்புத்தேகமவில் என்பதால் அனுராதபுரம் என்று பலர் எழுதிப் புள்ளியை இழக்கிறார்கள். கலேவெலப் பக்கம் தெவஹுவ, மாத்தளை மாவட்டம். அடுத்தது, 1989இல் மாத்தளை மாவட்டத்துக்குப் பொறுப்பான இராணுவ அதிகாரியாய் இருந்து பின்னாளில் ஜனாதிபதியானவர் யார்? கோட்டாபய ராஜபக்ஷ.

இந்த இருவருக்கும் நடுவே இருப்பது 150க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிரி எரிவாயுக் குழி வெட்டியபோது மண்வெட்டியில் தட்டுப்பட்டவை. தொல்லியலாளர் ராஜ் சோமதேவ அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்றார். அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் கார்பன் சோதனை வந்தது, ஜனாதிபதி ஆணைக்குழு அவற்றை 1950க்கு முன்னே தள்ளிவிட்டது. ஆணைக்குழுவை அமைத்தவர் மஹிந்த, பாதுகாப்புச் செயலாளராயிருந்தவர் அவர் தம்பி, அதே கோட்டாபய. எலும்பின் வயதும் இந்நாட்டில் ஆட்சியைப் பார்த்துத்தான் கூடிக் குறைகிறது. 1980களின் இறுதியில் நடந்த ஜே.வி.பி.யின் இரண்டாம் கிளர்ச்சியில் காணாமற்போனவர்களில் பெரும்பாலோர் சிங்களப் பிள்ளைகள். கலேவெலவிலும் ரத்தோட்டையிலும் இன்னும் தாய்மார் இருக்கிறார்கள். நம் பக்கத்தில், யாழ்ப்பாணத்தின் செம்மணிப் புதைகுழியைத் தோண்டத் தோண்டப் பிஞ்சு எலும்பு வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தமிழனுக்கு அந்தத் தாய்மாரின் துக்கம் அந்நியமில்லை.

2013இல் மாத்தளைப் புதைகுழிக்கு நீதி வேண்டும் என்று உரக்கக் கேட்ட கட்சி ஜே.வி.பி. புதையுண்டவர்கள் தங்கள் தோழர்கள் என்றார்கள். இன்று ஜனாதிபதிக் கதிரையும் அவர்களுடையது, பாராளுமன்றத்தில் 159 ஆசனங்களும் அவர்கள் கூட்டணியுடையவை. மலையகத்துக்குக் காணியும் வீடும் என்று 2023 ஒக்டோபரில் ஹட்டன் பிரகடனம் வாசித்ததும் அவர்களே. முந்தைய ஆட்சியில் கேள்வி கேட்டவர்கள்தான் இப்போது விடை எழுத வேண்டியவர்கள். பேனை அவர்கள் கையில் இருக்கிறது. விடைத்தாள் வெறுமையாய் இருக்கிறது. அவர்களுக்கு முன்னே ஆண்டவர்களோ விடைத்தாளையே தின்றுவிட்டவர்கள், அவர்களைப்பற்றிப் பேசிப் பயனில்லை.

ஆகவே, போட்டி நடத்தும் நண்பர்களே, பிள்ளைகளை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு யேமனும் தெரியும், ஸொகோத்ராவும் தெரியும். மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களை, கச்சேரி அதிகாரிகளை, தோட்டத் துரைகளை, சந்தா வெட்டும் தொழிற்சங்கத் தலைவர்களை ஒரு நாள் மாத்தளையில் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அடுத்த மழைக்கு முன் எச்சரிக்கையைத் தமிழில் அனுப்ப ஆள் நியமித்தாயிற்றா? இடிந்த லயத்துக்குப் பதில் காணி எங்கே, எத்தனை பேர்ச்சஸ், யார் பெயரில்? எல்கடுவக் கிழவியின் சேமலாப நிதி எந்தத் திகதியில் கைக்கு வரும்? வைத்தியசாலை வளவின் கோப்பு யாருடைய மேசையில் கிடக்கிறது? திகதியும் பெயரும் சொல்லாத விடைக்குப் புள்ளி கொடுக்காதீர்கள்.