பாரிவாக்கத்தார் கடற்கரை தேரும் இயல்: ஒரு முன்னாய்வு

பாரிவாக்கம் கடலோரத்து ஊர் அன்று. பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் வழியில், ஏரியை நம்பி நெல் விளைந்த மண்ணில், இன்று மனைப்பிரிவுகள் விளைகின்றன. கடல் கிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கோடையில் கடற்காற்று மெரினாவை நண்பகல் வாக்கில் தொட்டுவிடும். அதன்பின் வடபழனி, போரூர் என்று ஒவ்வோர் இடமாக நின்று நலம் விசாரித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள். வந்த காற்றிலும் உப்பு இருக்காது. வழியில் ஏற்றிக்கொண்ட புழுதிதான் இருக்கும். ஆகவே பாரிவாக்கத்தாருக்குக் கடல்மேல் வேட்கை ஏன் எழுகிறது என்பதற்குத் தனி ஆய்வு வேண்டியதில்லை. அந்த வேட்கை எந்த ஊரில் போய் இறங்குகிறது, அந்த ஊரை யார், எப்போது, எந்த முறையில் தேர்ந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். பல்கலைக்கழகங்கள் இதைத் தொடாமல் விட்டதற்குக் காரணம், பேராசிரியர்கள் பெரும்பாலும் அடையாறு பக்கம் குடியிருப்பது என்று ஐயுறுகிறேன்.

முதலில் இலக்கணம். தொல்காப்பியர் வகுப்பின்படி கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதற்குரிய பொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். ஏரிப்பாசன ஊராகிய பாரிவாக்கம் ஐயமின்றி மருதம். அதற்குரிய பொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். கடற்கரைச் சுற்றுலா என்பது ஒரு குடும்பம் மருதத்தில் புறப்பட்டு நெய்தலில் சேர்வது. வேனை வைகறையில் வரச் சொல்கிறார்கள். அந்த வேளையில்தான் யார் முதலில் குளிப்பது, முன்சீட்டு யாருக்கு, எந்த ஊருக்குத்தான் போகிறோம் என்ற ஊடல் உச்சத்தை அடைகிறது. கரையில் கால் வைக்கும்போது எற்பாடு. உடனே இரங்கல்: பேசாமல் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். உரையாசிரியர்கள் எவரும் டெம்போ டிராவலரைக் கண்டதில்லை. இருந்தும் இலக்கணம் ஓர் அங்குலமும் பிசகவில்லை.

அடுத்து, ஆய்வில் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஊர் தேரும் விவாதத்தில் கடல் ஒரு மாறிலி. பழவேற்காடு தொடங்கி தரங்கம்பாடி வரை அதே வங்காள விரிகுடா, அதே பழுப்பு, சூரியன் அதே பக்கம் எழுந்து அதே முதுகுப்பக்கம் மறைகிறது. (சினிமாவில் கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு வரும் இளைஞர்கள் எங்கள் கரையில் மாலைப்பொழுதில் திரும்பி நின்று வாகன நிறுத்தத்தைத்தான் படம் எடுக்க வேண்டும்.) இன்னொன்றும் உண்டு. தமிழ்க் குடும்பம் கடலைப் பயன்படுத்தும் ஆழம் கணுக்காலில் தொடங்கி முழங்காலில் முடிகிறது. பேன்ட்டை மடித்துவிட்ட சித்தப்பாவும், சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்ட சித்தியும் அதற்கு மேல் போவதில்லை. போகவும் கூடாது, உள்ளிழுக்கும் நீரோட்டம் இந்தக் கரையில் பொல்லாதது. கணுக்கால் ஆழத்தில் எல்லாக் கடலும் ஒன்றே. எனவே கடற்கரை ஊரை நிர்ணயிப்பது கடல் தவிர்ந்த மற்ற எல்லாமும்.

இதிலிருந்து பிறப்பதே நான் முன்வைக்கும் எஞ்சு கொள்கை. ஊரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வோர் ஊராக முன்மொழியப்படுகிறது; வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு மறுப்பாணை உரிமை உண்டு; எல்லா ஊரும் அடிபட்ட பிறகு எது எஞ்சுகிறதோ அதுவே சுற்றுலாத் தலம். ஓர் ஊரை எவராவது மிகவும் விரும்பிவிட்டால் அதற்கு எதிரிகள் உருவாகிவிடுவார்கள். யாருக்கும் பெரிய ஆசை இல்லாத ஊரே கரை சேரும்.

மெரினாவை எடுத்துக்கொள்வோம். அது முதல் சுற்றிலேயே வெளியேறுகிறது, அதுவும் குற்றம் எதுவும் இல்லாமல். அந்த மணல்வெளியே ஒரு விபத்தின் பலன் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்து குறுக்கே நின்றன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் நிலத்தைத் தின்றது. 1884இல் ஆளுநர் கிரான்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரும் வைத்தார். துறைமுகத்துக்குத் தெற்கே இருப்பவனுக்கு மணல், வடக்கே இருப்பவனுக்குக் கருங்கல் என்று இதை விதியாகவே எழுதிவிடலாம். ஆவடியில் மின்ரயில் ஏறிச் சென்னை கடற்கரை நிலையத்தில் இறங்கி, எதிரே துறைமுக மதிலைப் பார்த்துத் திகைத்து நிற்கும் வெளியூர் விருந்தினர்களும் இந்த வரலாற்றால் பாதிக்கப்பட்டவர்களே.

ஆனால் மெரினா தோற்பது வரலாற்றால் அன்று, 25ஜி பேருந்தால். பூந்தமல்லியில் ஏறினால் அண்ணா சதுக்கம். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். செலவே இல்லாமல் போய்வந்த இடத்தைச் சுற்றுலா என்று எதிர்வீட்டில் சொல்ல முடியுமா? மேலும், காணும் பொங்கலன்று அங்கே கூட்டத்தோடு கூட்டமாகப் போயாகிவிட்டது. கடலில் இறங்கக் கூடாதென்று காவல்துறை தடுப்புக் கட்டிய கரையில், பிள்ளைகளின் மணிக்கட்டில் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிட்டு, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலை நின்றபடியே தின்று திரும்பியவர்கள், அதே இடத்துக்கு லீவு போட்டுப் போக மாட்டார்கள்.

வடக்கே பழவேற்காடு. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை ஊரை ஒட்டியே போவதால் மீஞ்சூர் வரை வழுக்கிக்கொண்டு போய்விடலாம். 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையின் எச்சம், செதுக்கு வேலைப்பாடு கொண்ட அவர்களது கல்லறைகள், பனிக்காலத்தில் பூநாரைக் கூட்டம், சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர்ப் பரப்பு என்று என் தரப்பில் சான்றுகள் வலுவாக இருந்தன. பாட்டி முழுவதையும் கேட்டார்.

“அது இன்னாது, ஏரியா கடலா?”

“ஏரிதான் பாட்டி. உப்புத்தண்ணி ஏரி.”

“நம்மூர்லயே நல்ல தண்ணி ஏரி கீது. செம்பரம்பாக்கம் போனா அதவிடப் பெருசு. உப்புத்தண்ணி ஏரியப் பாக்க வேன் புடிச்சுப் போவணுமா?”

24 அடி ஆழமும் 3.645 டி.எம்.சி. கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கத்தின் கரையில் காற்று வீசும் மாலையில் நின்றவர்களுக்குப் பாட்டியின் வாதம் புரியும். நான் பழவேற்காட்டைத் திரும்பப் பெற்றேன்.

புதுச்சேரிக்கு வருவோம், ஆய்வில் மிக வளமான பகுதி இது. அந்த ஊரை முன்மொழிபவர் எப்போதும் மச்சான். முன்மொழியும்போது அவர் முகத்தில் இதுவரை கண்டிராத ஆன்மிகக் களை வருகிறது. அரவிந்தர் ஆசிரமம் எவ்வளவு அமைதி என்கிறார், மாத்ரிமந்திர் என்கிறார், மணக்குள விநாயகர் என்கிறார். ஆண்கள் தரப்பு ஒருமித்துத் தலையசைக்கிறது. கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மட்டுமே இதுவரை ஏற்றவர்கள் அவர்கள். அக்கா எதுவும் பேசாமல் மச்சானையே பார்க்கிறார். அந்தப் பார்வையில் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான மதுவரி வேறுபாடு முழுதும் அடங்கியிருக்கிறது. கடைசியில் நான்தான் நடுநிலையாக ஒரு தரவைச் சேர்த்தேன்: புதுச்சேரி உலாச்சாலை ஓரத்தில் நெடுங்காலம் கருங்கல்தான் கிடந்தது, 1980களில் தெற்கே துறைமுகத் தடுப்பு எழுந்த பிறகு நகரத்தின் மணல் போய்விட்டது, அண்மையில் கடலுக்குள் செயற்கைத் திட்டு இறக்கியபின் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. தெற்கு-வடக்கு விதிக்கு இதைவிட நல்ல இரண்டாம் சான்று கிடைக்காது. “மணலே இல்லாத பீச்சுக்கு எதுக்குடா?” என்றார் அக்கா. மச்சான் அன்று முதல் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

தெற்கத்திய ஊர்களை விரைந்து கடக்கலாம், ஏனெனில் குடும்பமும் அப்படித்தான் கடந்தது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் 2000ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து நிற்கிறார். 2024 கடைசியில் அவருக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் போட்டாயிற்று. ஆனால் ஞாயிறு போய்த் திங்கள் பள்ளிக்குத் திரும்ப முடியாது. திருச்செந்தூரும் வேளாங்கண்ணியும் கடலோரத்தில் இருந்தாலும் கடற்கரை ஊர்கள் அல்ல என்பது பாட்டியின் தீர்ப்பு: அங்கே போகும் செலவு வேண்டுதல் கணக்கில் வரும், சுற்றுலாக் கணக்கில் வராது. தரங்கம்பாடியை, 1620இல் டேனியர் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டையோடு, பெரியப்பா முன்மொழிந்தார். அதை வீழ்த்தியது தயிர்ச்சாதம்.

தயிர்ச்சாத எல்லை என்று நான் பெயரிட்டிருப்பது இதுவே. விடியலில் பிசைந்த தயிர்ச்சாதம் புளித்துப்போவதற்குள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அதுவே ஒரு குடும்பத்தின் உலகு. கொஞ்சம் பால் ஊற்றிப் பிசைந்தால் எல்லை செங்கல்பட்டுக்கு அப்பால் நகரும். மே மாதமானால் உள்ளே சுருங்கும். புளிச்சாதத்துக்கு எல்லை மிக விரிவு, கும்பகோணம் வரை தாங்கும். ஆனால் குழந்தைகளுக்குக் காரம். எல்லைக்கு வெளியே உள்ள ஊர் என்றால் ஓட்டல் செலவு. ஓட்டல் செலவு என்றால் பெரியப்பாவே வாபஸ்.

காலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பள்ளிக் காலண்டரும் கடலும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. காலாண்டு விடுமுறை புரட்டாசியில் விழுகிறது. மீன் வறுவல் தொட முடியாத கடற்கரையில் பாதி உயிர் இல்லை. அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில். புயல் மாதம், அதோடு 2004 டிசம்பர் 26ஐ நினைக்கும் வீடுகளில் அந்த வாரம் கடல் பேச்சு எடுபடாது, அதில் ஆய்வாளருக்கும் மறுப்பில்லை. பொங்கலுக்கு உறவினர். மிஞ்சுவது மே மாதம்: வேட்கை மிக அதிகமாகவும், மணலில் செருப்பில்லாமல் நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவாகவும் உள்ள மாதம்.

இனி கோவளம். 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கரை அது. நீர்த் தூய்மை, பாதுகாப்பு, குப்பை மேலாண்மை என அச்சான்றுக்கு 33 அளவுகோல்கள் உண்டு. அத்தைக்கு ஒன்றுதான். “பாத்ரூம் இருக்குமா?” என்றார். இருக்கும், உடை மாற்றும் அறையும் உண்டு என்றேன். கடற்கரை ஆய்வு வரலாற்றில் இதைவிடக் கூர்மையான வினா கேட்கப்பட்டதில்லை. கல்லையும் கோட்டையையும் கண்டு மெய்மறப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்களுக்கு ஒதுங்க இடம் எங்கேயும் அகப்படும். ஆனால் கோவளத்துக்கு அத்தையின் ஆதரவு வெளிப்படையாகத் தெரிந்துவிட்டது. எஞ்சு கொள்கைப்படி அந்தக் கணமே அது தோற்றது. “பாத்ரூமுக்காக ஒரு ஊருக்குப் போவாங்களா அத்தே?” என்று மச்சான் சிரித்தார், பாண்டியை இழந்த வலியில்.

ஆக, எஞ்சியது மாமல்லபுரம். அதற்கு எதிர்ப்பே இல்லை, ஏனென்றால் ஆசையும் இல்லை. பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தாயிற்று, பெரியவர்கள் அவர்கள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தாயிற்று. 1984இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது, கடற்கரைக் கோயில் ராஜசிம்மன் காலத்தது என்றெல்லாம் நான் சொல்லத் தொடங்கியதும், “சரி, அங்கயே போவலாம், நீ நிறுத்து” என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

எதிர்கால ஆய்வாளருக்கு ஓர் எச்சரிக்கை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை சுமார் 26 கிலோமீட்டர் மெட்ரோ தடம் வகுக்கப்பட்டிருக்கிறது. அது முழுநீளமும் ஓடும் நாளில் ஒரு முனையில் நாங்கள், மறுமுனையில் கடல். குளிரூட்டிய பெட்டியில், டிக்கெட் எடுத்துப் போகும் இடமாகிவிட்டால் மெரினாவுக்கு இழந்த மதிப்பு திரும்பக்கூடும். இக்கட்டுரையின் பாதி முடிவுகளைத் திருத்தி எழுத வேண்டிவரும்.

களப்பணி விவரம் பின்வருமாறு. வேன் வெளிவட்டச் சாலை ஏறி, வண்டலூர் போய், உயிரியல் பூங்கா வாசலில் பிள்ளைகள் எழுப்பிய கலகத்தை அடக்கி, கேளம்பாக்கம் தாண்டி, கோவளம் சந்திப்பில் நின்றது. அதுவரை விவாதத்தில் கலந்துகொள்ளாத ஒரே மனிதர் அங்கே வாயைத் திறந்தார்.

“ரைட்ல திரும்புனா ஈ.சி.ஆர். ஃபுல் ஜாம் சார். மகாபலிபுரம் போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடும். உங்களுக்கு பீச்தானே வேணும்? நேரா வுட்டா கோவளம். இங்கயே எறக்கி வுட்டுட்றேன்.”

யாரும் மறுக்கவில்லை. டிரைவருக்கு எதிராக மறுப்பாணை செல்லாது என்பதைக் கொள்கையில் ஒரு விதிவிலக்காகச் சேர்த்துக்கொண்டேன். வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே கதவைத் தள்ளி முதலில் இறங்கியவர் அத்தை. கடல் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.