கோல் கிருஷ்ணாவுக்கு, பூட்ஸ் பக்கத்து இலைக்கு

ஒண்டிக்கடை முக்கில் டீயை ஆற்றிக்கொண்டே கால்பந்து பேசும் பெரியவர்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள்: இருபத்தைந்துக்குள் பேர் எடுக்காத ஃபார்வர்டு, வீட்டுக்கு மளிகை வாங்கப் போகலாம். முப்பது தாண்டியவன் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று கத்தலாம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. இந்தச் சட்டம் எட்டாத தூரத்தில், பிஜித் தீவில், 1987 ஆகஸ்ட் 30 அன்று ராய் கிருஷ்ணா பிறந்தார்.

ஊர் லம்பாசா. கரும்பு ஆலை ஊர். அதில் அவர் வளர்ந்த பகுதிக்குப் பெயர் சைபீரியா! வேர்த்து வழியும் தீவில் அப்படிப் பெயர் வைத்தவர் யாரோ, நல்ல குசும்புக்காரர். 1879 முதல் கரும்பு வெட்ட இந்தியாவிலிருந்து கப்பலேற்றிய கூலிகளின் வம்சாவளியில் வந்தவர் கிருஷ்ணா. பிஜிக்கு உயிர் ரக்பி. பந்து கிடைத்தும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடாதவனை அங்கே பாவமாகத்தான் பார்ப்பார்கள்.

நியூசிலாந்துக்குப் போய் வைட்டாகெரே யுனைடெட், ஆக்லாந்து சிட்டி என்று வருஷக்கணக்கில் கோலாக அடித்துத் தள்ளினார். அடித்த சத்தம் கடல் தாண்டிக் கேட்கவில்லை. வெலிங்டன் ஃபீனிக்ஸில் ஒருவருக்குக் காயம் பட்டபோதுதான், 'சரி, நீ வா' என்று கூப்பிட்டார்கள். அப்போது வயது 26. ஒண்டிக்கடைச் சட்டப்படி மளிகைப் பருவம் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. லீவு வேகன்ஸியில் நுழைந்த ஆசாமி, அந்தக் கிளப் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் ஆகிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

நடுவில் 2016 ரியோ ஒலிம்பிக்ஸ். தகுதிச் சுற்றில் தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கி நியூசிலாந்து மாட்டிக்கொண்டதில் பிஜிக்குக் கதவு திறந்தது. தென்கொரியாவிடம் 8-0, ஜெர்மனியிடம் 10-0 என்று அடி வாங்கிய அணி அது. ஆனால் மெக்ஸிகோ ஆட்டத்தின் 10-வது நிமிடத்தில் கேப்டன் கிருஷ்ணா தலையால் முட்டினார், கோல். முந்தைய ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற மெக்ஸிகோ, இடைவேளை வரை பிஜிக்குப் பின்னால் நின்றது. அதற்குப் பிறகு பிஜி ஐந்து வாங்கியது என்பதைச் சொல்லாமல் விடுவதே மரியாதை. ஆகமொத்தம் வாங்கியது 23, கொடுத்தது 1. அந்த ஒன்று இவருடையது.

ஃபீனிக்ஸ் ஆடும் ஆஸ்திரேலிய லீக்கில் 2018-19இல் 18 கோல், அதிக கோல் அடித்தவருக்கான தங்க பூட்ஸ், சிறந்த ஆட்டக்காரருக்கான ஜானி வாரன் பதக்கம். வயது 31. இனி என்ன, மாலை போட்டு அனுப்ப வேண்டியதுதான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் கொல்கத்தாவின் ஏடிகே கிளப் கூப்பிட்டது. முன்னோர் கப்பலேறிய தேசத்துக்குக் கொள்ளுப்பேரன் விமானத்தில் திரும்பினார்.

2019-20 இந்தியன் சூப்பர் லீக்கில் 15 கோல். கோப்பையும் வந்தது, இறுதி ஆட்டத்தில் தோற்றது நம் சென்னையின் எஃப்சி. ஆனால் சென்னையின் வால்ஸ்கிஸும் 15 அடித்திருந்தார். தங்க பூட்ஸ் வால்ஸ்கிஸுக்கு. அடுத்த சீசனில் 14 கோல். கோவாவின் இகோர் அங்குலோவும் 14. அங்குலோ ஆடிய நிமிடங்கள் குறைவு என்று பூட்ஸைத் தூக்கி அவரிடம் கொடுத்தார்கள். வாழ்க்கை முழுக்க லேட்டாக வந்தவரிடம் போய் நிமிஷக் கணக்குப் பார்த்தால் எப்படி? சமாதானத்துக்குத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது, அதாவது தங்கப் பந்து கொடுத்தார்கள்.

பெங்களூருவுக்குப் போய் டியூரண்ட் கோப்பை வாங்கிவிட்டு, ஒடிசாவில் 2023-24இல் 13 கோல். வயது 36. கேரளா பிளாஸ்டர்ஸின் டயமண்டகோஸும் 13. பூட்ஸ் யாருக்கு என்று கேட்கவும் வேண்டுமா?

முப்பத்திரண்டுக்கு மேல், இந்த மூன்று சீசனில் மட்டும் 42 கோல். மூன்று முறையும் முதலிடத்தில் சமம், மூன்று முறையும் வெறுங்கால். ராமாயணத்திலாவது பாதுகை தம்பிக்குப் போனது. நம் கிருஷ்ணருடையது லித்துவேனியா, ஸ்பெயின், கிரீஸ் என்று ஊர் ஊராகப் போனது.