பச்சை மைக்காரர்

கலைக் கல்லூரியின் முதலாண்டு வகுப்பு ஒவ்வொன்றிலும் அவர் இருப்பார். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் பேராசிரியர், "கட்டுரையை எங்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கறவங்க நோட்டை வாங்கிப் படிச்சு, உங்க கருத்தை எழுதிக் குடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியிருப்பார். பச்சை மைப் பேனா. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பச்சை மையில் கையெழுத்திடுவது உயர் அதிகாரிகளின் வழக்கம். சான்றொப்பம் வாங்க வெயிலில் காத்திருந்தவர்களுக்கு அந்த நிறத்தின் மகிமை தெரியும். நம்மவருக்கு வயது 18. பதவி, மூன்றாவது பெஞ்சு, சன்னலோரம்.

பச்சையைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. சிவப்பு ஆசிரியருக்கு உரியது, அதைத் தொட்டால் அத்துமீறல். நீலம் எழுதியவருடையது. இரண்டுக்கும் நடுவில் காலியாகக் கிடந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

தலைப்பு, ‘எங்கள் ஊரில் ஒரு நாள்’. அவர் கைக்கு வந்தது செட்டிநாட்டுப் பக்கமிருந்து படிக்க வந்த ஒரு பெண்ணின் நோட்டு. அந்தக் கட்டுரையில் உலகத்தில் எங்குமே நடக்காத ஒன்று நடக்கிறது. இரண்டாம் பத்தியில் காலமான பாட்டி, நான்காம் பத்தியில் அடுப்படியில் உட்கார்ந்து பணியாரம் சுடுகிறார். பச்சை மைக்காரர் அந்த இடத்தில் நின்றார். புருவத்தை நெரித்தார். மறுபடி படித்தார். ‘பணியாரத்தை சுட்டார்’ என்பதில் விடுபட்டிருந்த ‘ச்’ஐ நுழைத்தார். இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும் என்று ஓரத்தில் எழுதி அடிக்கோடும் போட்டார். பாட்டி உயிர்த்தெழுந்து வந்ததில் அவருக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

அவரிடம் சில நிரந்தர வழக்குகள் உண்டு. ‘முயற்சித்தான்’ கண்ணில் பட்டால் ‘முயன்றான்’ ஆகும்வரை தூங்கமாட்டார். உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஒரு’ நின்றால் ‘ஓர்’ ஆக்குவார். பிறந்தநாளுக்கு யாராவது ‘வாழ்த்துக்கள்’ என்று அனுப்பினால், நன்றி சொல்வதற்கு முன்னால் ‘க்’ஐ எடுக்கச் சொல்வார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவருக்கு வாழ்த்து அனுப்புவது ஒருவகைத் தேர்வாகவே ஆகிவிட்டதால், பலர் கேக் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அதே பெஞ்சின் மறுமுனையில் இருப்பவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் நோட்டைத் திறக்காமலே "சூப்பர் மச்சி, செம ஃபீல்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். குறை சொன்னால் மதியம் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது என்ற கவலை அவருக்கு. ஒருவர் கையில் கட்டுரை போன மாதிரியே திரும்பி வருகிறது. இன்னொருவர் கையிலிருந்து பச்சைப் பசேலென்று வருகிறது. இரண்டு இடத்திலும் பாட்டி பணியாரம் சுட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

பச்சை மைக்காரருக்குக் குலப்பெருமை நிறைய. அதற்குக் காரணமும் இருக்கிறது. தமிழில் கருத்துச் சொல்வது ஒரு காலத்தில் ஆயுதம் ஏந்திய தொழிலாக இருந்தது என்று கர்ணபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. பிழையான பாட்டுக்குப் பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டுவானாம். வில்லிபுத்தூரார் காதை அறுப்பாராம். ஒட்டக்கூத்தர் தலையையே வாங்கிவிடுவாராம். இவர்களில் சீத்தலைச் சாத்தனார் ஒருவர்தான் பரமசாது. பிழையைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொண்டாராம். இன்றைக்குப் பேராசிரியர்கள் நெற்றியில் அடித்துக்கொள்வது அந்த மரபின் எச்சமாக இருக்கலாம்.

இவர்களையெல்லாம்விட அவருக்குப் பிடித்தவர் நக்கீரர். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறார். தருமியாக வரும் நாகேஷின் புலம்பலுக்கு வீடே சிரிக்கும்போது அவர் மட்டும் சிரிக்கமாட்டார். நக்கீரராக வரும் ஏ.பி. நாகராஜன், அந்தப் படத்தின் இயக்குநரும் அவரே, எப்போது எழுந்து நிற்பார் என்று காத்திருப்பார். ஆனால் அந்தக் காட்சியை அவர் சரியாகக் கேட்டதில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நக்கீரர் கண்டது பொருட்குற்றம். சொல்லில் அவர் குறை காணவில்லை. அப்படியே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் பேச்சின் போக்கு. இறைவனே எழுதிக்கொடுத்த பாட்டில் ஒற்று தேடிக்கொண்டிருந்திருந்தால் அவருக்கு நெற்றிக்கண்ணைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்திருக்காது.

நன்னூலை எடுத்து வைத்தால் நிலைமை இன்னும் மோசம். சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதற்காகப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அந்த நூலின் பாயிரம், ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்கிறது. வழுவான சொல்லைச் சேர்ப்பது அவற்றில் ஒன்று. மற்றவை வேறு ரகம். தேவையானதைச் சொல்லாமல் விடுவது, தேவைக்கு மேல் சொல்வது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது, எடுத்துக்கொண்டதை விட்டு மற்றொன்றை விரிப்பது என்று போகிறது பட்டியல். அதாவது பத்துக் குற்றங்களில் ஒன்றுக்காக நம்மவர் முழு ரீஃபிலையும் தீர்க்கிறார். இதைச் சொன்னால் விடுவாரா? "எழுத்ததிகாரத்துல அஞ்சு இயல். அதுல மூணு புணர்ச்சிக்கே. பவணந்தி என்ன, சும்மாவா எழுதினாரு?" என்பார். அதுவும் உண்மைதான்.

அதே பாயிரம் மாணவர்களையும் வகைபிரிக்கிறது. தண்ணீரை விட்டுப் பாலை மட்டும் எடுக்கும் அன்னம் தலைமாணாக்கர் வரிசையில் வருகிறது. கடைமாணாக்கர் வரிசையில் ஓட்டைக்குடம், ஆடு, எருமை ஆகியவற்றோடு நெய்யரியும் வருகிறது. நெய்யரி என்றால் பன்னாடை, நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் பிடித்து வைத்துக்கொள்வது. பச்சை மைக்காரர் தம்மை அன்னம் என்று நம்புகிறார். வகுப்பின் கருத்து வேறு. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. சொன்னால் அந்த வாக்கியத்தையும் திருத்துவார்.

செட்டிநாட்டுப் பெண்ணின் நோட்டு அடுத்ததாகக் கடைசி பெஞ்சுக்குப் போனது. அங்கே இருப்பவருக்கு ஒற்றும் தெரியாது, ஒட்டக்கூத்தரும் தெரியாது. பென்சிலில் ஒரே வரி எழுதியிருந்தார்: "பாட்டி மறுபடி எப்ப வந்தாங்க? ரெண்டு தடவ படிச்சேன், புரியல."

அந்தப் பெண் முதலில் கோபப்பட்டாள். பிறகு தன் கட்டுரையைத் தானே படித்துப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். இறந்தது அப்பத்தா. பணியாரம் சுட்டது அம்மாச்சி. கட்டுரை என்றால் வீட்டுப் பேச்சு கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச்சொல்லி வளர்த்ததால், இரண்டு பேரையும் மரியாதையாகப் ‘பாட்டி’ ஆக்கியிருந்தாள். அப்பத்தாவை அப்பத்தாவாகவும் அம்மாச்சியை அம்மாச்சியாகவும் விட்டதும் கட்டுரைக்கு உயிர் வந்தது. இறந்தவரும் முறையாக இறந்தார்.

அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973இல் வெளியிட்ட ‘ரைட்டிங் வித்தவுட் டீச்சர்ஸ்’ என்ற புத்தகத்தில் வற்புறுத்துவது ஏறக்குறைய இதைத்தான். சக மாணவர் நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கும்போது தனக்குள் என்ன நடந்தது, எங்கே ஈர்க்கப்பட்டார், எங்கே குழம்பினார், எங்கே கொட்டாவி விட்டார் என்று சொன்னால் போதும். கடைசி பெஞ்சுக்காரர் எல்போவைப் படித்ததில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை, அதை ஒப்புக்கொள்ள வெட்கமும் இல்லை. இந்த இரண்டு தகுதிகளும் ஒருவரிடம் சேர்ந்து அமைவது அரிது.

இனி பச்சை மைக்காரரின் சொந்தக் கட்டுரை. அதில் ஒரு பிழைகூடக் கிடையாது. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகுந்து, மிகக் கூடாத இடத்தில் அடங்கி நிற்கும். தலைப்பு எல்லாருக்கும் கொடுத்ததுதான், ‘எங்கள் ஊரில் ஒரு நாள்’. கட்டுரை குமரிக் கண்டத்தில் தொடங்குகிறது. முதல் பக்க முடிவில் கடல்கோள். இரண்டாம் பக்கத்தில் சங்க காலம் வந்து, மூவேந்தர்களும் தனித்தனியே போற்றப்படுகிறார்கள். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில், ‘இத்தகைய சிறப்புகள் வாய்ந்த எம் ஊரில் அன்று மழை பெய்தது’ என்று முடிகிறது.

"டேய், ஒரு பிழைகூட இல்ல" என்றாள் செட்டிநாட்டுப் பெண். "ஆனா உங்க ஊரு எப்ப வரும்?"

"வந்திருக்கே, கடைசியில பாரு. முன்னாடி இருக்கறது அடித்தளம்."

"அடித்தளம் மட்டும்தான்டா இருக்கு. வீட்டக் காணோம்."

"அது வேணும்னே அப்படி வச்சது. உனக்குப் புரியலன்னா நான் என்ன பண்றது?"

1936இல் தொடங்கிய அயோவா எழுத்தாளர் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. அதைப் பார்த்துப் பிறகு தொடங்கிய பல பட்டறைகளும் அதைப் பின்பற்றின. ஒருவர் எழுதியதைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. கொடுமையான விதி என்று அதைக் கண்டித்தவர்கள் உண்டு. அவர்கள் பச்சை மைக்காரரின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்ததில்லை. அன்றைக்குக் குமரிக் கண்டத்துக்கு ஆதரவாக அவர் பேசியது, கட்டுரையைவிட நீளம். மணி அடித்த பிறகும் நிற்கவில்லை.

இவ்வளவு கூத்துக்குப் பிறகும் பேராசிரியர் அடுத்த வாரமும் நோட்டை மாற்றச் சொல்கிறார். அவருக்குத் திருத்தும் வேலை மிச்சம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அவர் கணக்கு வேறு, அதுவும் நன்னூலில் இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டால் கால் பங்கு வரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப்பங்கும் பிறருக்கு எடுத்துச் சொல்வதில்தான் நிறைகிறது. 2009இல் கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ரம், வெண்டி பேக்கர் என்ற இருவர் அமெரிக்காவில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்றை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் பிறர் கட்டுரைக்குக் கருத்துச் சொல்ல மட்டும் பழகினார்கள், மற்றப் பிரிவினர் வந்த கருத்தைப் பயன்படுத்த மட்டும் பழகினார்கள். பருவ முடிவில் எழுத்து அதிகம் தேறியது கருத்துச் சொன்னவர்களுக்குத்தான். பவணந்தி கேட்டிருந்தால் வியந்திருக்கமாட்டார்.

பச்சை மைக்காரரும் இதற்கு விலக்கல்ல. இத்தனை நோட்டுகளைத் திருத்தியதன் பலனை அவர் முழுமையாக அடைந்திருக்கிறார். ஒற்றைத் தேடிப் படித்தார், ஒற்று கைவந்துவிட்டது. ஊரைத் தேடிப் படித்திருந்தால் ஊர் கைவந்திருக்கும்.

பட்டம் வாங்கிய பிறகும் இவர்களைச் சந்திக்கலாம். பச்சை மைக்காரர் நூல் வெளியீட்டு விழாவில் மூன்றாவது பேச்சாளராக வருவார். நாவலின் நாற்பத்துமூன்றாம் பக்கத்தில் சந்திப்பிழை இருப்பதை மேடையில் அறிவித்துவிட்டு உட்காருவார். "சூப்பர் மச்சி" நண்பர் அணிந்துரை எழுதுவார், இப்போதும் நூலைத் திறக்காமல்தான். அவருக்கும் மரபின் துணை உண்டு. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் பாடத் தகுந்தவர்கள் வரிசையில் உடன் கற்றவனையும் நன்னூல் சேர்த்திருக்கிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரைத் தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்றுதான் மரபு சொல்கிறது. பனம்பாரனார் நூலைப் படித்துவிட்டுப் பாடினார் என்பது பாயிரத்திலேயே தெரிகிறது. நம் நண்பரிடம் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

ஆக, கையில் கட்டுரையோடு நிற்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பச்சை மைக்காரரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், அவர் தேவைப்படுவார். ஆனால் நோட்டை முதலில் கடைசி பெஞ்சுக்குக் கொடுங்கள். என்ன புரியவில்லை என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்போது பேசாமல் இருங்கள். யார் இறந்தார், யார் பணியாரம் சுட்டார் என்பதெல்லாம் தீர்ந்த பிறகு, ஒப்படைப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் அவரிடம் போங்கள். ‘ச்’ எங்கே வர வேண்டும் என்பதில் அவர் இதுவரை தவறியதே இல்லை.